பள்ளிக்கூடத்து எடைப்பயிற்சி அறை: கொட்டேஷன் எழுதும் முன் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருக்களில் இரும்பு, ஹார்டுவேர், சைக்கிள், விளையாட்டுச் சாமான் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு விசாரணை வருவதுண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் வருவார். "அண்ணாச்சி, எங்க ஸ்கூல்ல ஜிம் ஒண்ணு வைக்கலாம்னு கரஸ்பாண்டென்ட் சொல்றாங்க. ஒரு கொட்டேஷன் குடுங்க" என்பார். என்ன சாமான், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த அறையில் என்று கேட்டால் பதில் இருக்காது. கையில் ஏதாவது ஒரு படம் மட்டும் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் மல்டி ஜிம்.

இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி தந்தது என் வெற்றி அல்ல, நான் செய்த ஒரு தப்பு வியாபாரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பள்ளிக்கு நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து இழுக்கும் மல்டி ஜிம் ஒன்றை வடக்கேயிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். நல்ல லாபம் நின்றது. திறப்பு விழாவில் எனக்குத் துண்டு போட்டார்கள். எட்டு மாதத்தில் கம்பிவடம் அறுந்தது. மாற்று வடம் கேட்டு எழுதினால் அனுப்பிய கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. எடைக்கட்டுக்கு முன்னால் மறைப்புத் தகடு இல்லாத மாடல் அது. ஒரு பையன் விரலை வைத்திருக்கிற நேரத்தில் இன்னொருவன் பிடியை விட்டுவிட்டான். நகம் போயிற்று, நல்லவேளை விரல் தப்பியது. அந்தப் பையனுடைய தகப்பனார் என் கடையில் ஆணி, பெயிண்ட் வாங்குகிறவர். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மறைப்புத் தகடு உள்ள மாடலுக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசம் சொற்பம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் குற்றம்தான்.

முதலில் ஒரு கணக்கு

அந்தப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைகள். விளையாட்டுப் பாடவேளை 40 நிமிஷம். மல்டி ஜிம்மில் ஒரு நேரத்தில் இடம் நான்கு பேருக்கு. வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 4 நிமிஷம். மீதி 36 நிமிஷம் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். இந்த வகுத்தலை நான் விற்பதற்கு முன் போட்டிருக்க வேண்டும்.

மல்டி ஜிம் கெட்ட சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. மில் அலுவலர் மன்றத்துக்கோ, நாலைந்து பெரியவர்கள் காலையில் வந்து போகிற இடத்துக்கோ அது பொருந்தும். அதன் இருக்கையும் பிடியும் வளர்ந்த ஆளின் கை கால் நீளத்துக்கு அமைந்தவை. எட்டாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது, மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. எடைக்கட்டில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குப் போவதும் சிறு பிள்ளைக்குப் பெரிய தாவல்.

அதே 40 பேருக்கு வேறு விதமாகக் கணக்குப் போடுவோம். நான்கு ராடு இருந்தால், ராடு ஒன்றுக்கு மூன்று பேர் வீதம் 12 பேர்: ஒருவர் தூக்க, இருவர் பக்கத்தில் நின்று பார்க்க. டம்பெல்ஸ் பக்கம் 12 பேர். தொங்கி ஏறும் கம்பியில் 6 பேர். மெடிசின் பந்து, கர்லாக்கட்டை என்று 10 பேர். ஆக 40. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாறினால் யாரும் சும்மா நிற்பதில்லை.

பளு தூக்கும் விளையாட்டில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது என்பதையும் கரஸ்பாண்டென்டுகளுக்கு எடுத்துச் சொல்லலாம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். இரண்டு முறையும் அவர் கையில் இருந்தது ஒரு ராடும் பிளேட்டுகளும்தான்.

அறையைப் பார்க்காமல் கொட்டேஷன் எழுத வேண்டாம்

பள்ளிகள் பெரும்பாலும் மிச்சமிருக்கிற அறையை ஒதுக்குகின்றன. மாடி அறை என்றால், ராடு வேலைக்குக் கீழ்த்தளம் கேளுங்கள். தரையில் எடை விழத்தான் செய்யும். டைல்ஸ் தரை ஒரே வாரத்தில் விரிசல் விடும், பிறகு அதற்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆண்களுக்கான முழு ராடு 2.20 மீட்டர், அதாவது 7 அடி 2½ அங்குலம். இரு பக்கமும் பிளேட் போட, எடுக்க ஆள் நிற்க வேண்டும். ஆகவே ஒரு ராடுக்குக் குறுக்கே 10 அடிக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். போட்டி மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர். பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை, 8 அடிக்கு 8 அடி போதும்.

இந்த மேடையை வெளியூரிலிருந்து வாங்க வேண்டியதே இல்லை. 8×4 பிளைவுட் இரண்டு ஷீட்டை நீளவாக்கில் போட்டு, அதன் மேல் இரண்டு ஷீட்டைக் குறுக்குவாக்கில் போட்டுத் திருகினால் 8×8 மேடை தயார். பிளேட் விழுகிற இரண்டு ஓரத்துக்கும் கனமான ரப்பர் மேட். பிளைவுட் கடையும் ரப்பர் மேட் கடையும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒரு பள்ளி ஆர்டரில் மூன்று நான்கு உறுப்பினர்களுக்கு வியாபாரம் நடக்கும்.

ராடும் பிளேட்டும்

இதில்தான் பணமும் போகும், பிழையும் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தையில் இரண்டு வகை ராடு உண்டு. ஒன்று, முழு நீளமும் ஏறக்குறைய ஓர் அங்குலக் கனம் உள்ளது. மற்றொன்று, பிடிக்கிற இடம் மெல்லிசாகவும் பிளேட் மாட்டுகிற முனை 50 மில்லிமீட்டர் கனமாகவும் உள்ளது. இரண்டாவதை ஒலிம்பிக் ராடு என்பார்கள், முனை தனியாகச் சுழலும். ஒன்றின் பிளேட் மற்றதில் பொருந்தாது. சின்ன ஓட்டைப் பிளேட் பெரிய முனையில் ஏறாது. பெரிய ஓட்டைப் பிளேட் சின்ன ராடில் ஏறும், ஆனால் தொளதொளவென்று ஆடும். அதுதான் ஆபத்து. முதல் ஆண்டு ஒரு கடையில் ஒரு வகை, அடுத்த ஆண்டு வேறு கடையில் மற்ற வகை என்று வாங்கி, பாதிச் சாமான் பயனில்லாமல் கிடக்கிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். எந்த வகை கொடுத்தாலும் ஒரே வகையாகக் கொடுங்கள். ஓட்டை அளவை மில்லிமீட்டரில் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வருகிற புது பி.டி. வாத்தியார் அந்தப் பில்லைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் தருவார்.

போட்டி விதிப்படி ஆண்கள் ராடு 20 கிலோ, பிடி 28 மி.மீ. பெண்கள் ராடு 15 கிலோ, நீளம் 2.01 மீட்டர், பிடி 25 மி.மீ. மூன்று மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். பெண் பிள்ளைகளின் கையில் அது பெரிய வித்தியாசம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கிய பிறகு, பெண்களுக்கு இது வேண்டாம் என்ற பேச்சு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பெண்கள் பள்ளிக்கு 20 கிலோ ராடு எழுதிக் கொடுப்பது, பாவாடை கேட்டு வந்தவருக்கு வேட்டியை மடித்துக் கொடுப்பது போல. சிறு பிள்ளைகளுக்கு 10 கிலோ ராடும் கிடைக்கிறது.

ராடு வந்து இறங்கியதும் இரண்டு பெஞ்சின் மேல் வைத்து உருட்டிப் பாருங்கள். நடுப்பகுதி ஏறி இறங்கினால் வளைவு இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். முனை கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும்.

அடுத்தது பிளேட். நம் கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறித்த காலத்துக்கு ஒரு முறை முத்திரை வாங்குகிறோம். ஜிம் பிளேட்டுக்கு அப்படி யாரும் முத்திரை போடுவதில்லை. வார்ப்பு இரும்பில் 10 கிலோ என்று எழுத்து எழும்பியிருக்கும், தராசில் வைத்தால் கூடவோ குறையவோ இருக்கும். ஒரு ராடின் வலப்பக்கம் ஒரு எடை, இடப்பக்கம் ஒரு எடை என்றால் பிள்ளையின் முதுகு கோணும். எல்லாப் பிளேட்டையும் நிறுத்து, ஒத்த எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்து, பெயிண்டால் ஒரே எண் எழுதிக் கொடுங்கள். அரை நாள் வேலைதான். இதைச் செய்து கொடுக்கிற கடையைப் பள்ளி மறக்காது.

பள்ளிகள் பெரிய பிளேட்டாகக் கேட்கும், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று. நீங்கள் சின்னப் பிளேட்டாகத் தள்ளுங்கள். ராடு ஒன்றுக்கு 1¼, 2½, 5, 10 கிலோவில் ஒவ்வொரு ஜோடி கொடுத்தால் மொத்தம் 37½ கிலோ. இரண்டரை இரண்டரைக் கிலோவாக ஏற்றலாம். நான்கு ராடுக்கு 150 கிலோ. மேல்நிலை வகுப்புப் பையன்களுக்காக 20 கிலோவில் ஒரே ஒரு ஜோடி. மொத்தம் 190 கிலோ பிளேட். 10 கிலோ ராடு இரண்டு, 15 ஒன்று, 20 ஒன்று சேர்த்தால் 245 கிலோ. லாரி வாடகையை இந்த எடைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. போட்டிப் பெரிய பிளேட்டின் குறுக்களவு 450 மி.மீ. அதனால் தரையில் இருக்கிற ராடு முழங்காலுக்குக் கீழே சரியான உயரத்தில் நிற்கும். சின்ன இரும்புப் பிளேட் மட்டும் மாட்டினால் ராடு கணுக்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். பிள்ளை அளவுக்கு மேல் குனிந்து முதுகை வளைத்து எடுக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. இரு பக்கமும் வைக்கக் கனமான மரக்கட்டை ஒரு ஜோடி அறுத்துக் கொடுத்துவிடுங்கள்.

லாக் என்பது பிளேட் நழுவாமல் பிடிக்கும் சிறு சாமான். கொட்டேஷனில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான், அறையில் முதலில் தொலைவதும் இதுதான். லாக் இல்லாமல் ராடு சாய்ந்தால் ஒரு பக்கப் பிளேட் விழும், மறுபக்கம் ராடு சுழற்றி அடிக்கும். ராடு நான்கென்றால் லாக் ஆறு ஜோடி எழுதுங்கள்.

முதல் மாதம் எந்தப் பிள்ளைக்கும் ராடே வேண்டாம் என்பது விவரமறிந்த பயிற்சியாளர்களின் வழக்கம். முக்கால் அங்குல ஜி.ஐ. குழாயை ஆறு அடிக்கு வெட்டி இரு முனைக்கும் மூடி போட்டால் சுமார் 3 கிலோ. இருபது குழாய் வெட்டினால் பாதி வகுப்பு ஒரே நேரத்தில் முறை பழகலாம். ஆனால் அந்தக் குழாயில் பிளேட் மாட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். வளையும்.

மற்றவை

டம்பெல்ஸ் ஆறு பட்டையுள்ள ரப்பர் உறையாக இருந்தால் உருளாது. 2, 3, 5 கிலோவில் கூடுதல் ஜோடியும், 7½, 10-ல் ஒவ்வொன்றும் போதும். கர்லாக்கட்டையை நம் ஊர்க் கடைசல்காரரிடம் செய்து வாங்கலாம். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. நமக்கு இதெல்லாம் புதிதல்ல, அறைக்குள் வந்திருப்பதுதான் புதிது.

ஸ்டாண்டும் பெஞ்சும் உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கலாம். மில் வேலை பார்த்துப் பழகிய கைகள் ராஜபாளையத்தில் நிறைய உண்டு. ஆனால் அளவு கொடுத்து அடியுங்கள். வலுதூக்கும் போட்டி பெஞ்ச் 29 முதல் 32 செ.மீ. அகலம், 42 முதல் 45 செ.மீ. உயரம். சிறு பிள்ளைக்குக் கால் எட்டாவிட்டால் காலடியில் பலகை வைக்க வேண்டும். பெஞ்சின் இரு பக்கமும் மார்பு மட்டத்துக்குத் தாங்கு கம்பி இல்லாத ஸ்டாண்டை பள்ளிக்குக் கொடுக்கவே கூடாது. கை தளர்ந்தால் ராடு கம்பியில் உட்கார வேண்டும், கழுத்தில் அல்ல.

பணமும் காகிதமும்

அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க, 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ. 10,000, உயர்நிலை மேல்நிலைப் பள்ளிக்கு ரூ. 25,000 வரை என்று வரம்பு வகுத்தார்கள். கால்பந்து, வலை, கேரம் எல்லாம் அதற்குள்தான். ஆகவே ஒரே ஆண்டில் ஜிம் என்று பேசாதீர்கள். முதல் ஆண்டு மேட், குழாய், டம்பெல்ஸ், தொங்கு கம்பி. இரண்டாம் ஆண்டு ராடும் பிளேட்டும். மூன்றாம் ஆண்டு ஸ்டாண்டு, பெஞ்ச். மூன்று ஆண்டும் பள்ளி உங்கள் வாடிக்கை. தனியார் பள்ளிகளிடமும் இதே வரிசையைச் சொல்லலாம்.

ஜி.எஸ்.டி.யில் 9506 என்ற ஒரே தலைப்பின் கீழ் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு விகிதம், பொது உடற்பயிற்சிக் கருவிக்கு வேறு விகிதம். ரப்பர் மேட்டும் பிளைவுட்டும் வேறு தலைப்பு. 'ஜிம் செட் ஒன்று' என்று ஒரே வரியில் பில் போட்டால் பின்னால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மீரட், ஜலந்தர் பக்கத்திலிருந்து வரவழைப்பவர்கள் முதலில் ஒரு ராடும் இரண்டு பிளேட்டும் மட்டும் மாதிரிக்கு வாங்கிப் பாருங்கள். உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

"மத்த ரெண்டு கொட்டேஷனையும் நீங்களே பார்த்துக் குடுத்திடுங்க அண்ணாச்சி" என்று கேட்கிற இடமும் உண்டு. வழக்கம்தானே என்று செய்து கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அடிபட்டு விசாரணை வந்தால், மூன்று காகிதத்திலும் நம் பேனா மையே இருக்கும்.

சாவி யாரிடம்?

ஆர்டர் எடுக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. பி.டி. வாத்தியார் இருக்கும்போது மட்டும் அறை திறக்குமா, அல்லது மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் போகலாமா? பின்னது என்றால் டம்பெல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ராடு விற்க வேண்டாம்.

"எடை தூக்கினா பிள்ளை வளராதாமே" என்று பெற்றோர் கடையிலேயே கேட்பார்கள். முறை கற்றுக்கொடுத்து, மேற்பார்வையோடு, வயதுக்கேற்ற எடையில் செய்தால் வளர்ச்சிக்குக் கெடுதல் இல்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி போன்ற அமைப்புகளின் முடிவு. காயங்கள் வருவது பெரும்பாலும் ஆள் இல்லாத நேரத்திலும், அளவுக்கு மீறி முயலும்போதும்தான்.

விற்ற பிறகு வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பதை நான் ஆயுத பூஜையோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். எப்படியும் அன்றைக்குச் சாமான்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். அதற்கு முதல் நாள் போய் போல்ட்டுகளை முடுக்கி, ராடு முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தொலைந்த லாக்குகளுக்கு மாற்றுக் கொடுத்துவிட்டு வருவேன். ஐப்பசி மழையில் மலையடிவார ஈரத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் காலமும் சரியாக இருக்கும்.

நான் முதலில் விற்ற அந்த மல்டி ஜிம் ஆறேழு ஆண்டு மூலையில் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போயிற்று. எடைக்கு எடுத்தவர் எனக்கு வேண்டியவர்தான். நிறுக்கும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு எடைக்கட்டில் கடைசிப் பிளேட்டில் 100 கிலோ என்று எழுதியிருந்தது. அந்தக் கட்டை மட்டும் கழற்றித் தராசில் ஏற்றினோம். 86 காட்டியது.